தோற்றுப் பழகிய கல்லூரி அணியை ஒரு பயிற்சியாளர் எப்படி நிமிர்த்த முடியும்? கேன்சஸ் ஸ்டேட் அணியை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல தங்கள் கால்பந்துப் பயிற்சியாளரை நீக்கிவிட்டுப் புதியவரை அமர்த்துகின்றன. புதிதாக வருகிறவர் என்ன செய்தால் அணி எழுந்து நிற்கும் என்ற கேள்வியும் அப்போது கூடவே எழுகிறது. அதற்குப் பொதுவான அறிவுரைகளால் விடை சொல்வதைவிட, நடந்து முடிந்த ஒரு வரலாற்றை நெருங்கிப் பார்த்துச் சொல்வதே பயன் தரும் என்று கருதுகிறேன். ஆகவே இங்குள்ள பதில்கள் பெரும்பாலும் பில் ஸ்னைடர் என்ற பயிற்சியாளரையும், 1989 முதல் அவர் கையில் இருந்த கேன்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழக அணியையும் பற்றியவை.

இங்கே பேசப்படும் கால்பந்து எது? அதில் பயிற்சியாளருக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்து இது. பக்கத்துக்கு 11 பேர். 100 கெஜ நீள மைதானம். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். மற்ற நாடுகளில் ஆடப்படும் கால்பந்தில் ஆட்டம் தொடங்கிய பிறகு பயிற்சியாளரால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். இந்த ஆட்டமோ ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் நின்று நின்று நடப்பது. அடுத்து யார் எங்கே நிற்க வேண்டும், பந்து யாரிடம் போக வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் கரையிலிருந்தே தீர்மானிக்கிறார்கள். கல்லூரி அணியில் இன்னொன்றும் சேர்கிறது. மாணவர்கள் நான்கைந்து ஆண்டுகளில் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள், பயிற்சியாளர் மட்டும் தொடர்ந்து இருப்பார். அணியின் பழக்கவழக்கங்கள் அவரைச் சுற்றியே உருவாவதால், ஓர் அணி பல ஆண்டுகள் சீரழிவதிலும் மீள்வதிலும் அவருடைய பங்கு பெரிதாக இருக்கிறது.

கேன்சஸ் ஸ்டேட் அணி உண்மையில் எவ்வளவு மோசமாக இருந்தது?

கல்லூரிக் கால்பந்தின் மேல் பிரிவில் ஆடும் அணிகளில் 500 தோல்விகளை முதலில் எட்டிய அணி அதுதான். ஒவ்வோர் ஆண்டும் தமக்குள் ஆடிக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் குழுவைக் கூட்டமைப்பு என்பார்கள்; 1934-இல் ஒரு முறை தன் கூட்டமைப்பின் பட்டத்தை வென்றது. அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பட்டம் எதுவும் இல்லை. பருவத்தின் இறுதியில் நல்ல அணிகள் அழைக்கப்படும் பவுல் ஆட்டங்களில் அது 1988 வரை ஒரே ஒரு முறை, 1982-இல், ஆடியது, அதிலும் தோற்றது. 1987-இல் 10 தோல்வி, ஒரு சமன். 1988-இல் ஆடிய 11 ஆட்டங்களிலும் தோல்வி. 1986 அக்டோபருக்குப் பிறகு தொடர்ச்சியாக 27 ஆட்டங்களில் வெற்றியே காணாத நிலையில்தான், 1988-ஆம் ஆண்டின் இறுதியில், 49 வயது ஸ்னைடர் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தப்பட்டார். அவர் பொறுப்பேற்று முதல் பருவம் தொடங்கும் வேளையில், நாட்டின் மிகப் பெரிய விளையாட்டு வார இதழான ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட், அமெரிக்காவிலேயே மிக மோசமான அணி என்று இதைச் சித்திரித்து நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டது. இருபது வயது மாணவர்கள் அதைத் தங்கள் வளாகத்தில், தங்கள் வகுப்புத் தோழர்களின் நடுவே படிக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், பயிற்சியாளர் எடுத்துக்கொண்ட வேலையின் முதல் பாதி மைதானத்துக்கு வெளியே இருந்தது என்பது விளங்கும்.

அப்படித் தொடர்ந்து தோற்கக் காரணம் என்ன?

ஒரு காரணம் இன்னொன்றைப் பெற்றெடுத்துக்கொண்டே போனது. பல்கலைக்கழகம் இருக்கும் மன்ஹாட்டன், நியூயார்க்கின் மன்ஹாட்டன் அல்ல; கேன்சஸ் மாநிலத்தின் புல்வெளிக் குன்றுகளுக்கு நடுவே உள்ள சிறிய ஊர். அந்த மாநிலத்தில் மக்கள்தொகை குறைவு, ஆகவே உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து வரும் சிறந்த ஆட்டக்காரர்களும் குறைவு. இருக்கும் சிலருக்காக அதே மாநிலத்தின் கேன்சஸ் பல்கலைக்கழகமும் போட்டி போட்டது. ஆட வேண்டிய எதிரணிகளோ சாதாரணமானவை அல்ல. அன்றைய பிக் எயிட் கூட்டமைப்பில் நெப்ராஸ்காவும் ஓக்லஹோமாவும் தேசிய அளவில் கோலோச்சின; 1990-இல் கொலராடோவும் தேசியப் பட்டத்தில் பங்கு பெற்றது. தோல்வியால் கூட்டம் குறைந்தது, கூட்டம் குறைந்ததால் பணம் குறைந்தது, பணம் இல்லாததால் பயிற்சி வசதிகள் பின்தங்கின, வசதி இல்லாத இடத்துக்கு நல்ல ஆட்டக்காரர்கள் வர மறுத்தார்கள், மறுபடியும் தோல்வி. கல்வி உதவித்தொகை பெற்று ஆடும் மாணவர்கள் 95 பேர் வரை இருக்கலாம் என்று விதி அனுமதித்த காலத்தில், ஸ்னைடர் வந்து எண்ணிப் பார்த்தபோது அங்கே இருந்தவர்கள் 47 பேர். பயிற்சியின்போது எதிரெதிராக நிறுத்தி ஆடவைப்பதற்கே அந்த எண்ணிக்கை போதாது.

புதிதாக வரும் பயிற்சியாளர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

இருக்கிறவர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஸ்னைடர் அதை வேறோர் ஆசானிடம் கற்றுக்கொண்டு வந்தவர். அவர் அயோவா பல்கலைக்கழகத்தில் ஹேடன் ஃப்ரை என்ற தலைமைப் பயிற்சியாளரின் கீழ் தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பாளராக இருந்தவர். 1979-இல் ஃப்ரை அயோவாவுக்கு வந்தபோது அந்த அணி தொடர்ந்து 17 பருவங்களாக வெற்றிகள் தோல்விகளைவிட அதிகமான ஒரு பருவத்தைக்கூடக் கண்டிருக்கவில்லை. மூன்றாவது பருவத்தின் இறுதியில் அது ரோஸ் பவுலில் ஆடிற்று. வந்தவுடன் ஃப்ரை செய்தவற்றுள் ஒன்று சீருடையையும் சின்னத்தையும் மாற்றியது. ஸ்னைடரும் அதையே செய்தார். கேன்சஸ் ஸ்டேட்டின் பழைய சின்னத்தை எடுத்துவிட்டு, அதே பல்கலைக்கழகத்தின் ஓவியப் பேராசிரியர் டாம் புக்வால்டர் வரைந்த ஊதா நிறக் காட்டுப்பூனை முகத்தைத் தலைக்கவசத்தில் பதித்தார். இதை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய தலைக்கவசத்தை அணியும்போதெல்லாம் பழைய தோல்விகளும் சேர்ந்தே தலையில் ஏறுகின்றன என்று உணரும் மாணவனுக்கு, இன்றோடு வேறு கணக்கு தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரிகிற ஓர் அடையாளம் வேண்டியிருக்கிறது.

ஆனால் சின்னம் மாறியதும் அணி மாறிவிடாது. அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: நேற்றைவிட இன்று கொஞ்சமாவது மேம்பட்டிருக்க வேண்டும். பட்டத்தைப் பற்றியோ, இத்தனை ஆட்டங்களை வெல்வோம் என்றோ பேசாமல், இன்றைய பயிற்சியில் உன் காலடி சரியாக விழுந்ததா, நேற்று செய்த தவற்றை இன்று தவிர்த்தாயா என்று கேட்கிற பயிற்சியாளருக்கு ஒரு வசதி உண்டு. வெற்றி வராத வாரங்களிலும் அவரால் உண்மையைச் சொல்லியே மாணவர்களை ஊக்கப்படுத்த முடியும்.

அவருடைய 16 இலக்குகள் புகழ்பெற்றவை என்கிறார்களே, அவை சுவரில் ஒட்டும் வாசகங்கள்தானே?

வெறுமே படித்தால் அப்படித்தான் தோன்றும். ஈடுபாடு, தன்னலமின்மை, ஒற்றுமை, மேம்படுதல், உறுதி, தன்னொழுக்கம், முழு முயற்சி, உற்சாகம், தவறுகளைக் களைதல், விட்டுக்கொடுக்காமை, தோல்வியை ஏற்றுக்கொள்ளாமை, தனக்குத்தானே எல்லை வகுத்துக்கொள்ளாமை, வெற்றியை எதிர்பார்த்தல், சீரான தன்மை, தலைமை, பொறுப்பு என்று போகிறது அந்தப் பட்டியல். எந்தப் பள்ளியின் சுவரிலும் எழுதக்கூடிய சொற்கள்தாம். ஆனால் இவற்றில் எதுவும் எதிரணியைப் பொறுத்ததல்ல, எதுவும் உடற்திறமையைப் பொறுத்ததும் அல்ல. நெப்ராஸ்காவின் ஆட்டக்காரனைவிட வேகமாக ஓடு என்று சொன்னால் அது கைகூடாத ஒன்று. முயற்சி தொடங்குவதற்கு முன் நகர்ந்து அபராதம் வாங்காதே என்று சொன்னால் அதை எவனும் செய்ய முடியும். திறமையில் பின்தங்கிய அணிக்குத் தவறுகளைக் களைதல் என்பதே முதல் ஆயுதம். பந்தைத் தவறவிடுவது, அபராதத்தால் கெஜங்களை இழப்பது, உதைபந்து நேரத்தில் கவனம் சிதறுவது ஆகியவற்றால் தோற்ற ஆட்டங்களை எண்ணினால், எதிரணி வென்ற ஆட்டங்களைவிட நாமே கையளித்த ஆட்டங்கள் அதிகமாக இருப்பதைத் தோற்கும் அணிகள் பலவற்றில் காணலாம்.

முதல் பருவத்தில் ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் வென்றார். அதை எப்படி முன்னேற்றம் என்பது?

1989-இல் கணக்கு ஒரு வெற்றி, 10 தோல்வி. முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றார்கள். நான்காவது ஆட்டம் செப்டம்பர் 30 அன்று, சொந்த ஊரில், ஒரு படி கீழான பிரிவில் ஆடிக்கொண்டிருந்த வடக்கு டெக்சஸ் அணியோடு. மூன்று புள்ளிகள் பின்தங்கியிருந்த நிலையில், கடைசி முயற்சியில், தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் கார்ல் ஸ்ட்ரா எறிந்த பந்தை ஃபிராங்க் எர்னாண்டஸ் இறுதிப் பகுதியில் பிடித்தார், கணக்கு 20-17. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளாக வெற்றியைப் பார்த்திராத அந்த அரங்கில் மக்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள்.

பட்டியலில் அது பலவீனமான அணியை மயிரிழையில் வென்ற ஆட்டம். அந்த அணியின் வரலாற்றில் அதற்கு நிகரான ஆட்டங்கள் மிகச் சில என்பேன். தொடர்ந்து தோற்கும் அணியின் பெரிய நோய், கடைசி ஐந்து நிமிடங்களில் வெளிப்படுவது. ஆட்டம் நெருக்கமாக இருக்கும்போது, எப்படியும் ஏதோ ஒன்று தவறப்போகிறது என்று எல்லோரும் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பே தவற்றை வரவழைக்கும். கடைசி நொடியில் ஒரு முறை வென்றுவிட்டால், அடுத்த முறை அதே கட்டத்தில் நிற்கும் மாணவனின் நினைவில் வேறொரு முடிவும் இருக்கிறது. எதிரணி யார் என்பது அப்போது இரண்டாம்பட்சம். மறு ஆண்டு 5 வெற்றி, 6 தோல்வி; 1991-இல் 7 வெற்றி, 4 தோல்வி.

நல்ல ஆட்டக்காரர்கள் வர மறுக்கும் இடத்துக்கு அவர்களை எப்படிக் கொண்டுவந்தார்?

எல்லோரும் தேடும் இடத்தில் தேடினால் மிச்சம்தான் கிடைக்கும் என்பதை அவர் ஏற்றுக்கொண்டு, மற்றவர்கள் பார்க்காத மூன்று திசைகளில் பார்த்தார்.

முதலாவது, ஜூனியர் கல்லூரிகள் எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரிகள். கேன்சஸ் மாநிலத்தில் மக்கள்தொகை குறைவாக இருந்தாலும், ஹட்சின்சன், எல் டொராடோ, கார்டன் சிட்டி, கோஃபிவில் போன்ற ஊர்களில் வலுவான கால்பந்து அணிகளைக் கொண்ட இத்தகைய கல்லூரிகள் நிறைய உண்டு. பள்ளி மதிப்பெண் போதாமல் பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதவர்கள், உடல் தாமதமாக வளர்ந்தவர்கள், வேறோர் இடத்தில் தொடங்கித் தடுமாறியவர்கள் அங்கே இருப்பார்கள். அவர்களை எடுப்பதில் இடர் உண்டு. இரண்டு ஆண்டுகள்தான் ஆடுவார்கள், அதற்குள் படிப்பும் நிலைக்க வேண்டும், ஆட்டமும் பிடிபட வேண்டும். மறுபக்கம், 18 வயதுப் பையனுக்கு இல்லாத முதிர்ச்சியோடு, இதுவே கடைசி வாய்ப்பு என்ற தெளிவோடு வருகிறார்கள். டெக்சஸின் பிளின் கல்லூரியை இரு முறை ஜூனியர் கல்லூரிப் பட்டத்துக்கு இட்டுச்சென்ற மைக்கேல் பிஷப் அப்படி வந்தவர். 1998-இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் அவர் இரண்டாமிடம் பெற்றார்.

இரண்டாவது, உதவித்தொகை இல்லாமலேயே தாமாக வந்து அணியில் சேர முயலும் உள்ளூர் மாணவர்கள். அமெரிக்காவில் இவர்களை வாக்-ஆன் என்பார்கள். மன்ஹாட்டனுக்குப் பக்கத்திலுள்ள ரைலி என்ற சிற்றூரின் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த ஜோர்டி நெல்சன் இப்படித்தான் சேர்ந்தார். தடுப்பாட்டத்துக்கு வந்தவரைப் பந்து பிடிப்பவராக மாற்றினார்கள். பின்னாளில் அவர் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற தொழில்முறை அணிக்காக, தொழில்முறைப் பட்டத்துக்கான இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் டச்டவுன் (பந்தை எதிரணியின் இறுதிப் பகுதிக்குக் கொண்டுசேர்ப்பது) அடித்தார். பெயர் வெளியே தெரியாத வாக்-ஆன்கள் செய்த நன்மை இதைவிடப் பெரியது என்று எனக்குத் தோன்றுகிறது. சொந்தப் பணத்தில் படித்துக்கொண்டு, ஆடவே கிடைக்காவிட்டாலும் ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு வருகிற ஒருவன் பக்கத்தில் நிற்கும்போது, உதவித்தொகை வாங்குகிறவன் சோம்பல் படக் கூசுவான்.

மூன்றாவது, உயரமோ எடையோ குறைவு என்று பலரும் தயங்கும் ஆட்டக்காரர்கள். ஐந்தடி ஆறங்குல உயரமுள்ள டேரன் ஸ்ப்ரோல்ஸ் கேன்சஸின் ஒலேத்தா நகரைச் சேர்ந்தவர். அவர் என்ன செய்தார் என்பதை இறுதிக் கேள்வியில் பார்க்கலாம். ஒரு குடும்பத்தின் நம்பிக்கையைப் பெற்றால் அது அடுத்த தலைமுறைக்கும் வரும் என்பதற்கு லாக்கெட் குடும்பம் சான்று: கெவின், அவர் தம்பி ஏரன், பிறகு கெவினின் மகன் டைலர் என மூவருமே ஸ்னைடரிடம் ஆடினார்கள்.

திறமையில் குறைந்த அணி, களத்தில் எந்த உத்தியால் ஈடுகட்ட முடியும்?

ஒன்று, குவார்ட்டர்பேக்கையே பந்தோடு ஓடவிடுவது. வழக்கமான ஓட்டத்தில் குவார்ட்டர்பேக் பந்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவார்; அதாவது தாக்கும் பக்கம் 10 பேர், தடுக்கும் பக்கம் 11 பேர். அவரே ஓடினால் மற்ற ஓட்டக்காரர் தடையாளராக மாறி முன்னே வழி திறக்கலாம், எண்ணிக்கை சமமாகிவிடும். பிஷப், எல் ராபர்சன், பின்னாளில் காலின் கிளைன் ஆகியோரைக் கொண்டு ஸ்னைடர் இதைத் தொடர்ந்து செய்தார். அடி அதிகம் படும் ஆட்டம் இது. அதற்கேற்ற உடலும் துணிவும் உள்ளவர் கிடைத்தால்தான் நடக்கும்.

இன்னொன்று, உதைபந்து ஆட்டங்களுக்கு என்று இருக்கும் சிறப்புக் குழுக்களை மற்றவர்களைவிட அதிகமாக மதிப்பது. பல அணிகள் அந்தக் குழுக்களில் மாற்று ஆட்டக்காரர்களை நிறுத்திவிட்டு ஓய்வெடுக்கும். உதைத்த பந்தைத் திருப்பி எடுத்து ஓடி எடுக்கும் ஒரு டச்டவுனும் அதே ஆறு புள்ளிகள்தான் என்பதை உணர்ந்தவருக்கு அங்கே ஆதாயம் காத்திருக்கிறது. வேகத்தைக் குறைத்து, பந்தை நெடுநேரம் தம்மிடமே வைத்திருப்பதும் ஒரு வழி. ஆட்டத்தில் இரு பக்கமும் பெறும் வாய்ப்புகள் குறையக் குறைய, வலுவான அணியின் மேன்மை வெளிப்படுவதற்கான அவகாசமும் குறைகிறது.

எளிய எதிரணிகளைத் தேர்ந்தெடுத்து வெற்றிக் கணக்கைக் கூட்டினார் என்ற குறை நியாயமானதா?

பாதி நியாயம். கூட்டமைப்புக்கு வெளியே ஆடும் சில ஆட்டங்களின் எதிரணியைப் பல்கலைக்கழகமே முடிவு செய்யலாம். கேன்சஸ் ஸ்டேட் அந்த இடங்களில் பெரும்பாலும் வெல்லக்கூடிய அணிகளையே வைத்துக்கொண்டது. மீளத் தொடங்கியிருக்கும் அணிக்கு இதைவிட அறிவான முடிவு இல்லை என்பேன். பெருந்தொகை வாங்கிக்கொண்டு வலிய அணியின் ஊருக்குப் போய் 50 புள்ளி வித்தியாசத்தில் தோற்று வருவது, கணக்காளருக்கு நல்லது, மாணவர்களுக்கு நல்லதல்ல.

ஆனால் அதற்கு விலை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1998-இல் அணி ஓர் ஆட்டத்தைக்கூடத் தோற்காமல், பிக் எயிட்டுக்குப் பிறகு தான் சேர்ந்த பிக் 12 கூட்டமைப்பின் இறுதி ஆட்டம் வரை வந்தது; பயிற்சியாளர்களின் தரவரிசையில் முதலிடமும் பெற்றது. டிசம்பர் 5 அன்று செயின்ட் லூயிஸில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியிடம் இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பிறகு 36-33 என்று தோற்றது. அதன் பின் பெரிய பவுல் ஆட்டங்கள் எதுவும் அதை அழைக்கவில்லை. கீழ்நிலை ஆட்டமான அலாமோ பவுலுக்குப் போய் அங்கும் தோற்றது. பழைய பெயரும் எளிய அட்டவணையும் சேர்ந்து அந்த மாணவர்களுக்கு அநியாயம் செய்தன. தரவரிசையில் மூன்றாமிடத்தில் உள்ள அணி அப்படி விடுபடக்கூடாது என்று பின்னர் விதி மாற்றப்பட்டது. அதைக் கேன்சஸ் ஸ்டேட் விதி என்றே அழைத்தார்கள்.

நிர்வாகத்தின் பங்கு என்ன?

பொறுமையும் பணமும். 1986-இல் பல்கலைக்கழகத் தலைவராக வந்த ஜான் வெஃபால்டும், விளையாட்டு இயக்குநர் ஸ்டீவ் மில்லரும் ஸ்னைடரை அமர்த்தியதோடு நிற்கவில்லை. பயிற்சி வசதிகளுக்கும் துணைப் பயிற்சியாளர்களுக்கும் பணம் ஒதுக்கப்பட்டது, அரங்கு 1999-இல் விரிவாக்கப்பட்டது. முதல் ஆண்டு ஒரே ஒரு வெற்றி, நான்காம் ஆண்டில் மீண்டும் தோல்விகளே அதிகம் என்ற கணக்கைப் பார்த்து அவரை நீக்கியிருந்தால் இந்தப் பக்கத்தை எழுத எதுவும் இருந்திருக்காது. 1993-இல்தான் 9 வெற்றிகளும் காப்பர் பவுலில் வயோமிங் அணிக்கு எதிரான 52-17 வெற்றியும் வந்தன. ஐந்து ஆண்டுகள். தொடர்ந்து 11 பருவங்கள் பவுல் ஆட்டம் கண்ட வரிசை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

துணைப் பயிற்சியாளர்களை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும்?

இளைஞர்களை, அதுவும் ஒரு நாள் தன்னை விட்டுப் போய்த் தலைமைப் பயிற்சியாளர் ஆகக்கூடியவர்களை. பாப் ஸ்டூப்ஸ், ஜிம் லெவிட், மார்க் மாஞ்சினோ, பிரெட் பீலமா ஆகியோர் ஸ்னைடரிடம் வேலை பார்த்துவிட்டு வேறு பல்கலைக்கழகங்களில் தலைமை ஏற்றவர்கள். பிரெண்ட் வெனபிள்ஸ் அங்கே ஆடி, அங்கேயே பயிற்சியாளராகி, இப்போது ஓக்லஹோமாவின் தலைமைப் பயிற்சியாளராக இருக்கிறார். இத்தகையவர்கள் போகும்போது வலிக்கும். ஆனால் போகத் தகுதியில்லாதவர்களை வைத்துக்கொண்டு அணியைத் தூக்க முடியாது.

ஒருவரை மட்டுமே நம்பிய மீட்சி அவர் போனதும் சரிந்துவிடாதா?

சரிந்தது. 2005-இல் ஸ்னைடர் ஓய்வு பெற்றார். அரங்குக்கு அவர் குடும்பத்தின் பெயரைச் சூட்டினார்கள். அடுத்து வந்த ரான் பிரின்ஸ் மூன்று பருவங்களில் 17 வெற்றி, 20 தோல்வி என்ற கணக்கோடு விலக நேர்ந்தது. 69 வயதில் ஸ்னைடர் திரும்ப அழைக்கப்பட்டு 2009-இல் மறுபடியும் தொடங்கினார். 6, 7, 10 என்று வெற்றிகள் ஏறி, 2012-இல் 11 வெற்றிகளோடு பிக் 12 பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது அணி. 2018-இல் இரண்டாம் முறையாக விலகும்போது அவருடைய மொத்தக் கணக்கு 215 வெற்றி, 117 தோல்வி, ஒரு சமன். ஒரே இடத்தில் ஒரே முறையை இரு முறை செய்து காட்டியதால், முதல் முறை அதிர்ஷ்டம் என்று சொல்ல இடமில்லாமல் போனது. ஆயினும், நிறுவனத்தின் பழக்கமாக மாற வேண்டியவை ஒரு மனிதரின் பழக்கமாகவே தங்கிவிட்டன என்ற குறையையும் அந்த மூன்று பருவங்கள் காட்டுகின்றன. தாம் போன பிறகும் நிற்கக்கூடியதை விட்டுச்செல்வதில், களத்தில் காட்டிய அளவு வெற்றியை அவர் பெறவில்லை.

ஆட்டக்காரர்கள் எளிதாக இடம் மாறும் இந்தக் காலத்திலும் இந்த வழி செல்லுமா?

நிலைமை மிகவும் மாறிவிட்டது. 2018 அக்டோபரில் இடமாற்றப் பதிவேடு வந்தது; 2021 முதல் ஒரு முறை இடம் மாறுகிறவர் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்றானது; அதே ஆண்டு ஜூலையில் மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் ஈட்ட அனுமதி கிடைத்தது; 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாக வருவாயில் பங்கு கொடுக்கின்றன. ஐந்து ஆண்டுகள் காத்திருக்க இப்போது யாரும் தயாராக இல்லை.

இந்தியானா பல்கலைக்கழகம் 2023-இல் 3 வெற்றி, 9 தோல்வி. அந்த நவம்பர் இறுதியில் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து கர்ட் சிக்னெட்டியை அழைத்துவந்தார்கள். அவரைத் தொடர்ந்து அங்கிருந்த ஆட்டக்காரர்கள் பலரும் இடம்பெயர்ந்தார்கள். மறு ஆண்டே 11 வெற்றி, 2 தோல்வி, தேசியப் பட்டத்துக்கான சுற்றில் இடம். கொலராடோவில் டியான் சாண்டர்ஸ் வந்ததும் பழைய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெளியேறினார்கள். ஒரு வெற்றியாக இருந்தது 2023-இல் நான்காகி, 2024-இல் ஒன்பதானது. இரண்டும் ஒன்றல்ல. சிக்னெட்டி கூட்டிவந்தவர்கள் அவர் முறையை ஏற்கெனவே அறிந்தவர்கள், பயிற்சியில் என்ன கேட்பார் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடியவர்கள். ஸ்னைடருக்கு ஐந்து ஆண்டுகள் ஆன பழக்கத்தை ஒரே கோடைக்காலத்தில் அவரால் ஊன்ற முடிந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். இருந்தவர்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தோல்விக் காலத்திலும் அணியை விட்டு ஓடாதவர்கள் அவர்கள். 47 பேரோடு தொடங்கியவர் அவர்களில் சிலரைக் கொண்டுதான் முதல் வெற்றியைப் பெற்றார்.

அணி உண்மையிலேயே மீண்டுவிட்டது என்று எப்போது சொல்லலாம்?

முதல் வெற்றியின்போது சொல்ல முடியாது, முதல் பவுல் ஆட்டத்தின்போதும் சொல்ல முடியாது. முன்பு தம்மைப் பொருட்படுத்தாத அணியைச் சமமாக எதிர்கொண்டு வெல்லும்போது சொல்லலாம். 1969 முதல் 29 ஆண்டுகள் தொடர்ந்து தோற்றுவந்த நெப்ராஸ்காவை 1998 நவம்பர் 14 அன்று 40-30 என்று வென்றது ஒரு கட்டம். இன்னொன்று, 2003 டிசம்பர் 6 அன்று கேன்சஸ் சிட்டியில் நடந்த பிக் 12 இறுதி ஆட்டம். எதிரில், 12 ஆட்டங்களிலும் வென்று முதலிடத்தில் இருந்த ஓக்லஹோமா. முதல் டச்டவுனும் அவர்களுடையதே. அதற்குப் பிறகு ஓக்லஹோமாவால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. ஐந்தடி ஆறங்குல ஸ்ப்ரோல்ஸ் 235 கெஜம் ஓடினார். கேன்சஸ் ஸ்டேட் தொடர்ந்து 35 புள்ளிகள் எடுத்து, 1934-க்குப் பிறகு தன் முதல் கூட்டமைப்புப் பட்டத்தை வென்றது. அன்று எதிர்க்கரையில் ஓக்லஹோமாவின் தலைமைப் பயிற்சியாளராக நின்றவர் பாப் ஸ்டூப்ஸ். 1989-இல் வடக்கு டெக்சஸை வென்ற அந்த ஒற்றை வெற்றிப் பருவத்தில் ஸ்னைடரின் பயிற்சிக் குழுவில் இருந்தவர்.